மஞ்சள் காமாலை வந்தால்தான் ஹெபடைடிஸ் சி-யா? சத்தமே இல்லாமல் கல்லீரலை அரிக்கும் வைரஸ்: அறிகுறிகள் என்ன, யாருக்கு டெஸ்ட் அவசியம்?

ரத்த தான முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு, பிஸ்கட்டும் ஜூஸும் சாப்பிட்டு வீட்டுக்கு வருகிறார் ஒருவர். சில நாட்களில் ரத்த வங்கியிலிருந்து போன். "ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க" என்கிறார்கள். போய்ப் பார்த்தால், ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ் என்று வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அவருக்குக் காய்ச்சல் இல்லை. மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. குடிப்பழக்கமும் கிடையாது. "எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே, அப்புறம் எப்படி?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி.

கல்லீரல் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஹெபடைடிஸ் சி தொற்றியவர்களில் 10-க்கு 8 பேருக்கு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் தெரிவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி தெரியும்போது பலருக்குக் கல்லீரல் ஏற்கெனவே பெரிதும் பாதிக்கப்பட்டிருக்கும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்த நோயை இப்போது மாத்திரையிலேயே முழுமையாகக் குணப்படுத்த முடியும். பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் போதும். இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்ற நிலையில், அதை எப்படித் தெரிந்துகொள்வது? விரிவாகப் பார்க்கலாம்.

ஹெபடைடிஸ் சி என்றால் என்ன?

ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. மது, சில மருந்துகள், கொழுப்பு என்று பல காரணங்களால் இது வரலாம். வைரஸ் காரணமாக வருவதை ஏ, பி, சி, டி, இ என ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள்.

நம் ஊரில் மழைக்காலத்தில் தண்ணீர் கெட்டு, தெருவில் பலருக்கு ஒரே நேரத்தில் மஞ்சள் காமாலை வருகிறதே, அது பெரும்பாலும் ஏ அல்லது இ வகை. உணவு, தண்ணீர் வழியாகப் பரவி, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும்.

சி வகை அப்படி இல்லை. இது ரத்தம் வழியாகப் பரவும். தொற்றியவர்களில் சுமார் 30 சதவீதம் பேரின் உடல் 6 மாதத்துக்குள் வைரஸைத் தானாகவே விரட்டிவிடும். மீதி 70 சதவீதம் பேருக்கு வைரஸ் உடலிலேயே தங்கிவிடும். இதைத்தான் நாள்பட்ட ஹெபடைடிஸ் சி என்கிறார்கள். இப்படித் தங்கிவிட்டவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு 20 ஆண்டுகளுக்குள் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் வரலாம். சிரோசிஸ் வந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் ஆபத்தும் அதிகம்.

உலகம் முழுவதும் சுமார் 5 கோடி பேர் இந்தத் தொற்றுடன் வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2022-ல் மட்டும் ஏறக்குறைய 2.42 லட்சம் பேர் இதனால் உயிரிழந்திருக்கிறார்கள்.

முதல் 6 மாதம்: என்ன அறிகுறிகள் தெரியலாம்?

வைரஸ் உடலுக்குள் நுழைந்த 2 வாரம் முதல் 6 மாதத்துக்குள், சிலருக்கு மட்டும் இவை தெரியலாம்:

- லேசான காய்ச்சல்
- காரணமே தெரியாத அசதி
- பசியின்மை, குமட்டல், வாந்தி
- வயிற்றின் வலது மேல்பக்கம் வலி அல்லது ஒரு பாரம்
- மூட்டு வலி
- சிறுநீர் அடர்ந்த நிறத்தில், கட்டங்காபி டிகாஷன் மாதிரி போவது
- மலம் வெளிறிப்போய் களிமண் நிறத்தில் இருப்பது
- கண்ணின் வெள்ளைப் பகுதியும் தோலும் மஞ்சளாவது

இந்தப் பட்டியலில் முதல் ஐந்தும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் பொருந்தும். அதனால்தான் "ஏதோ வேலைப் பளு", "வெயில் ஒத்துக்கலை" என்று பலரும் கடந்துவிடுகிறார்கள். சிறுநீர், மலம், கண் ஆகிய மூன்றிலும் நிறம் மாறினால் கல்லீரலில் ஏதோ பிரச்சினை என்று அர்த்தம். அது எந்த வகை என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

"காமாலை இறங்கிடுச்சு, அப்ப சரியாயிடுச்சு இல்லையா?"

பலர் ஏமாறும் இடம் இதுதான். தமிழ்நாட்டில் மஞ்சள் காமாலை என்றதும் வீட்டில் முதலில் தேடுவது கீழாநெல்லியை. சில நாள் அரைத்துக் குடித்து, எண்ணெய் இல்லாமல் பத்தியம் இருந்து, கண்ணில் மஞ்சள் குறைந்ததும் "நோய் போயிடுச்சு" என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

ஹெபடைடிஸ் சி-யில் வரும் காமாலை, எந்த மருந்தும் எடுக்காவிட்டாலும் சில வாரங்களில் தானாகக் குறையக்கூடியது. நிறம் போய்விடும், ஆனால் வைரஸ் உள்ளேயே இருக்கலாம். கீழாநெல்லி ஹெபடைடிஸ் சி வைரஸை உடலிலிருந்து நீக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எனவே காமாலை வந்து போனவர்கள், எந்த வைத்தியம் பார்த்திருந்தாலும் சரி, அது எந்த வகைக் காமாலை என்று ஒரு முறை ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்வது நல்லது. பி மற்றும் சி இரண்டுக்கும் சேர்த்தே பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

10, 20 வருடம் ஏன் வெளியே தெரிவதில்லை?

கல்லீரலின் உட்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதைச் சுற்றியுள்ள உறை இழுபடும்போதுதான் வலி தெரியும். இன்னொன்று, கல்லீரலுக்குத் தாங்கும் சக்தி அதிகம். ஒரு பகுதி கெட்டுப்போனாலும் மீதியை வைத்து வேலையைச் சமாளித்துவிடும். அதனால் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பு ஏறிக்கொண்டிருந்தாலும், வெளியே ஆள் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பார்.

இந்தக் காலத்தில் சிலருக்குத் தெரியக்கூடியவை இவ்வளவுதான்: தூங்கி எழுந்தாலும் போகாத சோர்வு, மனம் ஒருமுகப்படாமல் மந்தமாக இருப்பது, மனச்சோர்வு, தசை மற்றும் மூட்டு வலி, தோலில் அரிப்பு. இதை வைத்து யாரும் கல்லீரல் நோய் என்று சந்தேகப்பட மாட்டார்கள்.

சிலருக்கு இந்த வைரஸ் கல்லீரலை விட்டுவிட்டு வேறு இடத்தில் முகம் காட்டும். கால்களில் சிவப்பு அல்லது ஊதா நிறப் புள்ளிகள், வெயில் படும் கைகளில் கொப்புளம், வாயினுள் வெள்ளைக் கோடுகளோடு எரிச்சல், சிறுநீரில் புரதம் வெளியேறுவது போன்றவை ஹெபடைடிஸ் சி-யோடு தொடர்புடையதாக இருக்கலாம். இந்தத் தொற்று உள்ளவர்களுக்கு சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுதல். தோல் மருத்துவரோ சிறுநீரக மருத்துவரோ ஹெபடைடிஸ் சி டெஸ்ட் எழுதிக் கொடுத்தால், "இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று தள்ளிப்போட வேண்டாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

கல்லீரல் சமாளிக்க முடியாத கட்டத்துக்கு வந்துவிட்டால் உடல் வெளிப்படையாகவே காட்டும்:

- கால் வீக்கம், வயிற்றில் நீர் கோத்து உப்புவது
- கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருப்பது
- லேசாக இடித்தாலும் ரத்தம் கன்றிப்போவது, பல் ஈறு மற்றும் மூக்கில் ரத்தம் வருவது
- மார்பு, தோள் பகுதியில் சிலந்தி போல ரத்த நாளங்கள் தெரிவது, உள்ளங்கை சிவந்திருப்பது
- ரத்த வாந்தி, அல்லது மலம் தார் போலக் கறுப்பாகப் போவது
- பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சு குழறுவது, நாள் கிழமை மறப்பது, ஆளே மாறியது போல நடந்துகொள்வது

கடைசி இரண்டும் அவசர நிலை. இரவாக இருந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். குழப்பமாகப் பேசுவதை "வயசாயிடுச்சு" என்றோ, "பேய் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. கல்லீரல் நீக்க வேண்டிய கழிவுகள் மூளையைப் பாதிப்பதால் வரும் நிலை இது. சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் தெளிவு திரும்ப வாய்ப்பு உண்டு.

சரி, அறிகுறி இல்லாதவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

உடம்பைக் கேட்டால் பதில் வராது. பழைய கதையைக் கேட்க வேண்டும். கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினாலும், உடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒரு முறை டெஸ்ட் எடுத்துவிடலாம்:

- பழைய ரத்தம்: தானம் பெற்ற ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி பார்ப்பது இந்தியாவில் 2000-களின் தொடக்கத்தில்தான் கட்டாயமானது. வைரஸே 1989-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. எனவே அதற்கு முன்பு விபத்து, பிரசவம், ஆபரேஷன் நேரத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.
- அடிக்கடி ரத்தம் தேவைப்படுவோர்: தலசீமியா, ஹீமோஃபிலியா நோயாளிகள்.
- டயாலிசிஸ்: சிறுநீரகச் செயலிழப்புக்கு டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள்.
- ஊசி: போதை ஊசி ஒரே ஒரு முறை, அதுவும் பல வருடத்துக்கு முன்பு போட்டிருந்தாலும் சரி. ஊசியை மட்டுமல்ல, மருந்து கலக்கும் தண்ணீர், பஞ்சு போன்றவற்றைப் பகிர்ந்தாலும் பரவும்.
- கொதிக்க வைத்த ஊசிக் காலம்: கண்ணாடி சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய காலத்தில் நிறைய ஊசி போட்டுக்கொண்டவர்கள், முறையான பயிற்சி இல்லாதவர்களிடம் ஊசி போட்டவர்கள்.
- பச்சை, டாட்டூ, காது மூக்கு குத்துதல்: திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியால் பலருக்குப் பச்சை குத்தியிருந்தால்.
- மருத்துவப் பணியாளர்கள்: பயன்படுத்திய ஊசி கையில் குத்திய நர்ஸ், லேப் டெக்னீஷியன், தூய்மைப் பணியாளர்.
- எச்.ஐ.வி. அல்லது ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள்.
- தாய்க்கு தொற்று இருந்த குழந்தைகள்: பிரசவத்தின்போது பரவும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். தாயின் ஆன்டிபாடி குழந்தையின் உடலில் கொஞ்ச காலம் இருக்கும் என்பதால், ஆன்டிபாடி டெஸ்ட்டைக் குழந்தைக்கு 18 மாதம் ஆன பிறகு எடுப்பார்கள்.
- கல்லீரல் டெஸ்ட்டில் எஸ்.ஜி.பி.டி. அளவு தொடர்ந்து அதிகமாக இருப்பவர்கள்.

ஆபரேஷனுக்கு முன்பு எடுக்கும் "வைரல் மார்க்கர்" டெஸ்ட்டிலும் பலருக்கு இது தற்செயலாகத் தெரியவருகிறது.

எப்படியெல்லாம் பரவாது?

இதையும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கை கொடுப்பது, கட்டிப்பிடிப்பது, முத்தமிடுவது, ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே டம்ளரில் குடிப்பது, இருமல், தும்மல், கொசுக்கடி, தண்ணீர் ஆகியவற்றால் ஹெபடைடிஸ் சி பரவாது. தாய்ப்பாலாலும் பரவாது. மார்புக் காம்பில் வெடிப்பு ஏற்பட்டு ரத்தம் வந்தால் மட்டும், ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்தச் சொல்வார்கள்.

உடலுறவு மூலம் பரவுவது குறைவு, ஆனால் சாத்தியம் உண்டு. ரத்தக் காயம் ஏற்படும் சூழலிலும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடும். வீட்டில் ஒருவருக்குத் தொற்று இருந்தால் தனித் தட்டு, தனி அறை தேவையில்லை. ஷேவிங் பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ் ஆகியவற்றை மட்டும் பகிராமல் இருந்தால் போதும். சலூனுக்குப் போனால் புது பிளேடு மாற்றச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

என்ன டெஸ்ட்? ரிசல்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

இரண்டு படிகள் உண்டு.

முதல் படி, ஆன்டிபாடி டெஸ்ட். "ஆன்டி ஹெச்.சி.வி." என்று சீட்டில் எழுதுவார்கள். வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கிய ஆன்டிபாடி இருக்கிறதா என்று இது பார்க்கும். பாசிட்டிவ் என்றால் வாழ்நாளில் எப்போதோ வைரஸ் உள்ளே வந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். இப்போதும் இருக்கிறதா என்பது இதில் தெரியாது.

இரண்டாவது படி, ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ. டெஸ்ட். "வைரல் லோடு" என்றும் சொல்வார்கள். ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்பதை இதுதான் உறுதி செய்யும். இது நெகட்டிவ் என்றால் உடல் தானாகவே வைரஸை விரட்டியிருக்கலாம், சிகிச்சை தேவைப்படாது. பாசிட்டிவ் என்றால் சிகிச்சை தேவை.

முதல் டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்ததுமே உடைந்துபோகிறவர்களும் உண்டு, முதல் டெஸ்ட்டோடு நிறுத்திவிட்டு மறந்துபோகிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. இரண்டாவது டெஸ்ட் எடுக்காமல் முடிவுக்கு வர முடியாது.

கவனிக்க வேண்டிய இன்னும் மூன்று விஷயங்கள்: தொற்றிய சில வாரங்களுக்கு ஆன்டிபாடி டெஸ்ட் நெகட்டிவ் காட்டலாம். அதனால் சமீபத்தில் ஊசி குத்தியதாகச் சந்தேகம் இருந்தால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவது, கல்லீரல் டெஸ்ட் நார்மலாக இருப்பதால் ஹெபடைடிஸ் சி இல்லை என்று சொல்ல முடியாது. மூன்றாவது, எல்லா மாஸ்டர் ஹெல்த் செக்கப்பிலும் இந்த டெஸ்ட் இருக்காது. தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும்.

சிகிச்சை: 84,000 டாலரிலிருந்து இலவசம் வரை

முன்பெல்லாம் இதற்கு இன்டர்ஃபெரான் ஊசி போடுவார்கள். 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை காய்ச்சல், உடல்வலி, மனச்சோர்வு என்று பக்க விளைவுகளோடு போராட வேண்டும். அப்படியும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் குணமாகும்.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அனுமதி கிடைத்ததும் நிலைமை மாறியது. ஆனால் அங்கே 12 வார சிகிச்சையின் விலை 84,000 டாலர், அதாவது ஒரு மாத்திரை 1,000 டாலர். பின்னர் இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று ஜெனரிக் மாத்திரைகளைத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை பெருமளவு இறங்கியது.

2018 ஜூலை 28-ல், உலக ஹெபடைடிஸ் தினத்தன்று, மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இதன் கீழ் ஹெபடைடிஸ் பி மற்றும் சி-க்கு அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு சோஃபோஸ்புவிர், டாக்லடாஸ்விர் மாத்திரைகள் 12 வாரம். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு சோஃபோஸ்புவிரோடு வெல்படாஸ்விர். நிலை முற்றியவர்களுக்குக் கூடுதல் மருந்தோ கூடுதல் வாரங்களோ தேவைப்படும். இந்தப் புதிய மருந்துகளில் 95 சதவீதத்துக்கும் அதிகமானோர் குணமடைகிறார்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். 104 சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம்.

மாத்திரை தொடங்கும் முன் மருத்துவரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்ல மறக்க வேண்டாம். ஒன்று, ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா என்பது. சி வைரஸ் குறையும்போது தூங்கிக்கொண்டிருந்த பி வைரஸ் விழித்துக்கொள்ளலாம். இரண்டு, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள். இதயத்துடிப்புக்கான அமியோடரோன், டிபி மருந்தான ரிஃபாம்பிசின், சில வலிப்பு மருந்துகள், ஏன், சாதாரண கேஸ் மாத்திரைகூட இந்த மருந்துகளோடு மோதலாம்.

அறிகுறிக்குக் காத்திருக்காத நாடு

எகிப்தின் அனுபவம் இந்த இடத்தில் முக்கியம். 1950-களில் தொடங்கி, நத்தைகள் வழியாகப் பரவும் ஒரு புழு நோயை ஒழிக்க அங்கே லட்சக்கணக்கானவர்களுக்கு அரசே ஊசி போட்டது. கண்ணாடி சிரிஞ்சுகளைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் மறுபடி மறுபடி பயன்படுத்தியதில், ஹெபடைடிஸ் சி நாடு முழுவதும் பரவியது. உலகிலேயே இந்தத் தொற்று மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்றாக எகிப்து மாறியது.

2018 அக்டோபரில் எகிப்து வேறு வழியில் இறங்கியது. அறிகுறி உள்ளவர்கள் வரட்டும் என்று காத்திருக்காமல், பெரியவர்கள் எல்லோரையும் டெஸ்ட் எடுக்க அழைத்தது. 7 மாதத்தில் ஏறக்குறைய 5 கோடி பேர் வந்து விரல் நுனி ரத்தத்தைக் கொடுத்தார்கள். பாசிட்டிவ் ஆனவர்களுக்கு இலவச சிகிச்சை. 2023 அக்டோபரில், ஹெபடைடிஸ் சி ஒழிப்புப் பாதையில் "தங்க நிலை"யை எட்டிய முதல் நாடு என்று எகிப்தை உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது.

இந்தியாவில் தொற்று அதிகமுள்ள பஞ்சாபும், மத்திய அரசின் திட்டத்துக்கு முன்பே 2016-ல் இலவச சிகிச்சையைத் தொடங்கியது.

குணமான பிறகு என்ன?

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுப்பார்கள். வைரஸ் இல்லை என்றால் குணம் என்று அர்த்தம். ஆனால் ஆன்டிபாடி டெஸ்ட் மட்டும் அதற்குப் பிறகும் பாசிட்டிவ் என்றே காட்டிக்கொண்டிருக்கும். வெளிநாட்டு வேலைக்கோ ஆபரேஷனுக்கோ டெஸ்ட் எடுக்கும்போது இதனால் குழப்பம் வரலாம். எனவே ஆர்.என்.ஏ. நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

ஒரு முறை குணமானால் மறுபடி வராது என்று நினைக்க வேண்டாம். ஆன்டிபாடி பாதுகாப்பு தராது, மீண்டும் தொற்றலாம். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியும் இதுவரை இல்லை. ஏ மற்றும் பி வகைகளுக்கு உண்டு. அவற்றை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே சிரோசிஸ் வந்தவர்கள், வைரஸ் போன பிறகும் 6 மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மதுவை அறவே விட வேண்டும்.

மீண்டும் அந்த ரத்த வங்கி போனுக்கு வரலாம். "எனக்கு ஒண்ணுமே இல்லையே" என்ற நிலையிலேயே நோய் தெரியவந்தது அவருக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. வயிறு வீங்கிய பிறகு தெரியவருபவருக்கு அந்த வாய்ப்பு இருக்காது. 20 வருடத்துக்கு முன் அம்மாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா, அப்பா டயாலிசிஸில் இருக்கிறாரா, திருவிழாவில் யாராவது பச்சை குத்திக்கொண்டார்களா என்று இன்றைக்கே வீட்டில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். "ஆமாம்" என்று பதில் வந்தால், அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது ஹெபடைடிஸ் சி-யையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

(இந்தக் கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்கானது. அறிகுறிகள் இருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ மருத்துவரை நேரில் அணுகவும். சுயமாக மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம்.)